நாலு மணி நோயாளி

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை படுக்கையில் விழுந்த நோயாளிகளை எல்லாம் ஒரு வரிசையில் நிற்க வைத்தால், அதாவது நிற்க முடிந்தவர்களை, அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கத் தகுதி உள்ளவர் ஒரே ஒருவர்தான். எழுபத்தாறு முறை மாரடைப்பு கண்டவர். நாற்பத்தொரு முறை பக்கவாதம், அதில் இடது பக்கம் இருபத்திரண்டு, வலது பக்கம் பத்தொன்பது. சர்க்கரை ஏறி மயங்கியது தனிக் கணக்கு, இறங்கி மயங்கியது தனிக் கணக்கு. போதாததற்கு மூன்று தரம் பிரசவ வலி. அத்தனையும் ஒரே சோபாவில், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஐந்து மணிக்குள். ஐந்து ஆனதும் செத்தவர் எழுந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். அவருடைய மனைவி நர்ஸ். சொந்த ஊரில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள், ஊசி போட்டாளா இல்லையா என்று குழந்தைகளே சந்தேகப்படும் அளவுக்குக் கை பதமானவள். கடல் தாண்டி வந்ததும் அந்தப் பதினான்கு வருடமும் விமானத்தில் தவறிப்போன பெட்டி மாதிரி ஆகிவிட்டது. இங்கே இன்னொரு பரீட்சையில் தேறினால்தான் நர்ஸ். அதுவரை முதியோர் விடுதியில் உதவியாளர். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், படுக்கை விரிப்பை மாற்றலாம். நாடி மட்டும் பிடிக்கக் கூடாது.

மருத்துவச் சொற்களே நிறைந்த எழுத்துப் பரீட்சையை வந்த வருடமே தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது செய்முறைப் பரீட்சை. ஒரு கூடத்தில் எட்டுக் கட்டில் போட்டிருப்பார்கள். எட்டிலும் நோயாளி மாதிரி நடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். இவருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். மூன்று தரம்தான் உட்கார விடுவார்கள். மூன்றாவதிலும் விழுந்தால் ஆயுசுக்கும் விரிப்பு மாற்ற வேண்டியதுதான்.

அதனால்தான் அவர் நோயாளி ஆனார்.

அவர் வேலை செய்வது துணி வெளுக்கிற பெரிய தொழிற்சாலையில். பத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். கொதிக்கிற உருளைகளுக்குள் அவற்றை நுழைத்து, மறுபக்கம் வருவதை மடித்து, கிழிந்ததைப் பிரித்து, ஜோடி சேர்த்து அடுக்க வேண்டும். மாலை ஷிப்டு. பகல் ஷிப்டை விட அதற்கு ஒரு பங்கு கூலி கூட, அந்த ஒரு பங்கில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது. அவர் ஐந்து மணிக்குப் போனால் எல்லாரும் தூங்கிய பிறகுதான் வருவார். அவள் பொழுது விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது மணி மூன்றே முக்கால். அவளுக்கு ஞாயிறு லீவு, அவருக்குச் செவ்வாய் லீவு, அந்த நாட்களிலும் கூடுதல் கூலிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரே கட்டிலில் தினமும் இரண்டு மணி நேரம் ஒன்றாகத் தூங்குவார்கள், அவ்வளவுதான். தூங்குகிற மனுஷனிடம் என்ன பேசுவது?

ஆனாலும் காலையில் எழுந்தால், அவர் வந்து போன தடயங்கள் வீடு முழுக்கக் கிடக்கும். பிளாஸ்கில் டீ இருக்கும். ஈரமாகக் கழற்றிப் போட்ட அவளுடைய செருப்பு துடைத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அன்றைக்கு மழை வரும் என்றால் அதன்மேல் குடை. பரீட்சைப் புத்தகத்தில் இன்று படிக்க வேண்டிய பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருக்கும். இருட்டில் டீயைக் குடித்துக்கொண்டே, உள்ளே படுத்திருப்பவரின் மூச்சுச் சத்தத்தைக் கேட்பாள். எழுப்பி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தினமும் தோன்றும். பாவம், தூங்கட்டும் என்று தினமும் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், என்ன சொல்ல நினைத்தோம் என்றே ஞாபகம் வரும். பெரிதாக ஒன்றும் இருக்காது. விடுதியில் ஒரு தாத்தா தன் பல்செட்டைப் பூந்தொட்டியில் நட்டுவைத்துவிட்டார், அது மாதிரி ஏதாவது. ஆனால் அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

இருந்தது நாலிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரம். அதையும் வியாதிக்குக் கொடுத்தாகிவிட்டது.

முறை இப்படி. மிட்டாய் டப்பா ஒன்றில் சின்னச் சின்னச் சீட்டுகள் மடித்துப் போட்டிருக்கும். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், அதில் எழுதியிருக்கிற வியாதியைப் படித்துவிட்டு, அதோடு வந்து சோபாவில் விழுவார். அவள் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டு எழுதுவது மகளின் வேலை. பதினைந்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு, காரணம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் சொல்வார். அந்த ஊர் பாஷை அவளுக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு, ஆகவே பரீட்சைப் புத்தகத்தைப் பார்த்து அறிகுறிகளைத் தமிழில் எழுதித் தருவாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்தவள். பேசுகிற மாதிரியே எழுதுவாள். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சொல்வதும் அவள் பொறுப்புதான். இந்தப் பொறுப்பை வாசகர்கள் ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு வருவாள். பரீட்சையில் கையுறை இல்லாமல் தொட்டால் மதிப்பெண் போய்விடும்.

"ஐயா, உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"அம்மா தாயே, நெஞ்சு மேல யானை ஏறி உக்காந்திருக்கு. இப்பப் போய் பிறந்த தேதியக் கேக்கறீங்களே. போற தேதியக் குறிச்சுக்குங்க."

"பேரு சொல்லாம நான் தொட மாட்டேன்."

"யானை பேரு சொல்லவா, என் பேரு சொல்லவா?"

"எத்தன நாளா இருக்கு இந்தத் தொந்தரவு?"

"யானையா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

இப்படிச் சொல்லிவிட்டு சோபாவிலிருந்து தடாலென்று தரையில் விழுவார். கண் மேலே செருகும், கால் உதறும். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். வாலு ஓரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை.

"அப்பா, பக்கவாதத்துல வாய் ஒரு பக்கம்தான் கோணும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் கோணுது."

"எனக்கு ரெண்டும் சேந்து வந்திருக்கு. வியாதி எனக்கா, உனக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே கழுத்தில் நாடி பார்ப்பாள். ரப்பர் கையுறைக்குள்ளிருந்து தொடும்போது அவர் தோல் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். முடிந்ததும் கையுறைகளைக் கழுவிக் கொடியில் மாட்டுவாள். ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிற மாதிரி அவை தொங்கும். சில நாள் அவளுக்குத் தோன்றும்: புத்தகத்தை மூடிவிட்டு இந்த ஆள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்து, பல்செட் தாத்தா கதையைச் சொன்னால் எப்படி இருக்கும். ஆனால் தேறினால்தானே அவர் பகல் ஷிப்டுக்கு மாற முடியும். சாயங்காலங்கள் திரும்பி வருவதற்காகத்தான் இந்தச் சாயங்காலங்களை விட்டுக்கொடுக்கிறோம் என்று மனதைத் தட்டிவைப்பாள்.

இதில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். இந்த மகா நோயாளிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். ஊரில் அவர் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், காலில் துருப்பிடித்த ஆணி குத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது அங்கே புது நர்ஸாக நின்றவள் இவள்தான். ஊசியை எடுத்தாள், அவ்வளவுதான், குத்தவில்லை. மறைப்புத் துணி, மருந்துத் தட்டு, நாற்காலி எல்லாவற்றையும் கூட அழைத்துக்கொண்டு மனுஷர் கீழே விழுந்தார். அவளும் தரையில் உட்கார்ந்துதான் ஊசி போட்டாள். கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டாச்சா?" இரண்டாவது கேள்வி, "நாளைக்கும் உண்டா?" மூன்று நாள் தேவையே இல்லாமல் வந்து நின்றார். நாலாவது நாள் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவர் இங்கே சர்க்கரை பார்க்கப் பழகுவதற்காகப் பத்து விரலையும் வரிசையாக நீட்டிக் கொடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், ஆனால் கையை இழுக்க மாட்டார். குத்தின விரல்களோடு போய் எட்டு மணி நேரம் சூடான துணியைப் பிடிக்க வேண்டும். எரியுமே என்று கேட்டால், "யாரு சொன்னா? அங்க என்னோட விரலு தங்கத் துணி மடிக்குது" என்பார்.

பஸ் ஓட்டினதில் அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. கிளச் மிதித்து மிதித்து வந்த வலி. அதனால் எந்த வியாதியாக இருந்தாலும் சரி, மாரடைப்போ மஞ்சள் காமாலையோ, எல்லாம் செய்து முடித்ததும் அவள் கடைசியாக ஒரு தலையணையை அவர் இடது முழங்காலுக்குக் கீழே வைப்பாள். புத்தகத்தில் அது இல்லை. கை தானாக வைக்கும்.

முதல் தரம் பரீட்சையில் அவள் விழுந்தது பாஷையால். அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. இரண்டாம் தரம் விழுந்ததுதான் விஷயம்.

நாலாவது கட்டிலில் ஒரு நடுவயது ஆள் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள். சரியாகச் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரித்தாள். அவர் பாட்டுக்குத் தலையாட்டினார். பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. அந்த ஆளுக்கு வந்திருந்தது மாரடைப்பு.

பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினான்கு வருடம் எத்தனையோ மாரடைப்புகளைக் கண்ணால் பார்த்தவள்தான். ஆனால் கடைசி இரண்டு வருடம் அவள் தினமும் பார்த்தது யானை ஏறின மாரடைப்பு. கண் செருகாமல், கால் உதறாமல், சோபாவிலிருந்து உருளாமல் வந்த மாரடைப்பை அவள் கண் ஏற்கவே இல்லை. அவளைக் கவிழ்த்தது அவருடைய நடிப்பு. தூக்கத்தை விட்டு, விரலைக் குத்தக் கொடுத்து, விலா நோக விழுந்து அவர் சொல்லித் தந்த பாடத்தில்தான் அவள் தோற்றிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். டீயை நீட்டினார்.

"எங்க சறுக்குச்சு?"

"நேரம் பத்தல."

"நாந்தான் வேகமா சாகணும்போல. இனிமே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

அவள் டீயைக் குடித்தாள். சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்க வெள்ளைத் துணியைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனுஷர். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். அதைப் போய் எப்படிப் பிடுங்குவது? இரண்டு வாரம் கழித்துக் காரணம் எழுதி ஒரு கடிதம் வந்தது. வாலு படித்தாள். "அப்பாகிட்டச் சொல்லாத" என்றாள் அம்மா. "நான் எதுக்குச் சொல்றேன்" என்று வாலு தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்படி உடனே ஒத்துக்கொண்டதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. அவர் இன்னும் மும்முரமாகச் செத்துக்கொண்டிருந்தார். அவள் பயம் நாளுக்கு நாள் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு அவர் சத்தத்தை மட்டும் கழித்துவிட்டுப் பார்க்க முயன்றாள், நடக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் சீட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். போனவர் வரவில்லை. குழாயில் தண்ணீர் திறக்கிற சத்தம், நிறுத்துகிற சத்தம். அப்புறம் மெதுவாக வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். விழவில்லை, முனகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

"ஐயா, உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

சொன்னார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கேட்டதும் ஒழுங்காகச் சொன்னார்.

"என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல."

இது என்ன வியாதி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சரி, வரிசைப்படி போவோம் என்று நெருங்கி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. கன்னம் ஒட்டியிருந்தது. தாடையில் சவரம் செய்யாமல் விட்ட ஒரு திட்டு. வலது கட்டைவிரல் ஓரத்தில் தீக்காயம், பழையதும் புதியதுமாக மூன்று. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் அடியில் நூல் சுற்றியிருந்தது. விரிப்பு தைக்கிற வெள்ளை நூல். எப்போது சுற்றினார்? மனுஷர் எப்போது இவ்வளவு இளைத்தார்? தினமும் இதே கையைப் பிடித்துத்தானே சர்க்கரை பார்த்தோம்?

ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிக் காற்று அடித்தாள். முள் ஏறி, இறங்கி, நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. இன்னொரு தரம் பார்ப்போம் என்று நிமிர்ந்தாள். அவர் தூங்கிப்போயிருந்தார். உட்கார்ந்தபடியே, பட்டையைக் கையில் கட்டியபடியே, வாய் லேசாகத் திறந்து.

அது நடிப்பில்லை என்பதற்கு நர்ஸ் படிப்பு தேவையில்லை.

அவள் கையுறைகளைக் கழற்றினாள். அவர் மணிக்கட்டை வெறும் கையால் பிடித்தாள். நாடி பார்ப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அவள் பார்க்கவில்லை. துடிக்கிறது, துடிக்கிறது என்பது போதுமாக இருந்தது. மெதுவாக அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். சட்டையில் சலவைச் சோப்பு வாசனை. "விடுதில ஒரு தாத்தா பல்செட்ட பூந்தொட்டில நட்டுட்டாருங்க" என்று தமிழில், தூங்குகிறவரிடம் சொன்னாள். "தினமும் தண்ணி ஊத்தறாரு." அவர் மூச்சு மாறவில்லை. இங்கே வந்த நாலு வருடமாகச் சேர்த்து வைத்ததில் இன்னும் இரண்டு மூன்றைச் சொன்னாள். வாலு அந்தப் பக்கம் வரவில்லை. அடுக்களையில் இல்லாத பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் விழித்தார்.

"கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"என்ன வியாதி?"

"ரத்த அழுத்தம் கூட இருக்கு. தூக்கம் கெட்டுருக்கு. நாலஞ்சு கிலோ கொறஞ்சிருக்கு. கைல மூணு தீக்காயம், ஒண்ணுக்கும் மருந்து போடல. இதெல்லாம் பக்கத்துலயே இருந்துட்டு, நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். கோணல்மாணல் எழுத்தில் இருந்தது: 'இன்னைக்கு ஒண்ணும் நடிக்காதீங்க அப்பா. சும்மா உக்காருங்க. பரீட்சைல இருக்கறவங்க அப்படித்தான் உக்காருவாங்களாம்.'

"அப்ப உன்னக் கவுத்தது நான்தானா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் பார்வை முகத்தை விட்டு நகரவில்லை. "ஆமா" என்றாள். பிறகு அவசரமாக, "ஆனா நீங்க இல்லன்னா நான் முதல் வருஷமே விட்டிருப்பேன். அதையும் சேத்துக் கேளுங்க" என்றாள்.

அவர் எழுந்து சட்டை மாற்றினார். வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது சொன்னார்: "நல்ல ஒரு கலைஞன அம்மாவும் பொண்ணுமா சேந்து முடிச்சிட்டீங்க. பரவால்ல. நாளைலேர்ந்து அமைதியா சாகறேன்."

அமைதியாகத்தான் செத்தார். அடுத்த ஐந்து வாரம் கீழ் வீட்டுக்காரரின் துடைப்பத்துக்கு வேலை இல்லை. வியாதியை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு அவர் சோபாவில் சும்மா உட்காருவார். தாடையை ஒரு தரம் தடவுவார், அவ்வளவுதான் மாரடைப்பு. ஒரு கையால் மட்டும் டீ டம்ளரை எடுப்பார், அது பக்கவாதம். அவள் தேடிக் கண்டுபிடித்தாள். தேடும்போது வியாதி அல்லாததும் கண்ணில் பட்டது. காதோரம் நரைத்திருந்தது. அவள் பேசும்போது அவர் உதடு கூடவே சத்தமில்லாமல் அசையும், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி. இரண்டு வருடம் இத்தனை பக்கத்தில் இருந்தும் இந்த மனுஷனுக்கு ஏங்கியிருக்கிறோம் என்பது, பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கே தெரிந்தது. தீக்காயத்துக்கு மருந்து போட்டாள். அதற்கு மட்டும் கையுறை போடவில்லை.

மூன்றாவது பரீட்சையில் ஆறாவது கட்டில். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் இல்லை, மனைவிதான் அனுப்பிவைத்தாள் என்றார். அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். மேலுதட்டில் பொடிப்பொடியாக ஈரம். வலது கை தாடையை ஒரு தரம் தடவியது.

"ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க" என்றாள் அவள், சுத்தமான தமிழில்.

கண்காணிக்கிற அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் அவள் கை வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த ஊர் பாஷைக்கு மாறி, கேட்க வேண்டியதைக் கேட்டு, செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தாள். மணி அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது முடித்தாள். முடித்துவிட்டு ஒரு தலையணையை எடுத்து, முன்பின் தெரியாத அந்த ஆளின் இடது முழங்காலுக்குக் கீழே வைத்தாள்.

"நெஞ்சு வலிக்கு முழங்கால்ல எதுக்குத் தலையணை?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"தெரியலைங்க. பழக்கம்."

அந்த அம்மா தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த எழுத்தில் தன் சாயங்காலங்கள் அத்தனையும் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் தலையணைக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த கடிதத்தை வாலு பிரித்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது" என்று ஆரம்பித்தாள். அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வாலு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாக ஒரு குறும்பை அவளால் பாதிக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. "இல்லம்மா, தேறிட்ட. தேறிட்டம்மா" என்று கடிதத்தை அவள் கையில் திணித்தாள்.

அடுத்த மாதம் அவள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். வேலை நேர அட்டவணையும் வந்துவிட்டது. அவர் பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்தார். இருவரும் காலண்டரை மேசையில் விரித்து எண்ணினார்கள். நர்ஸுக்கும் ஷிப்டு உண்டல்லவா. முப்பது நாளில் பதினோரு சாயங்காலம்தான் இருவரும் ஒன்றாக வீட்டில்.

"பதினொண்ணுதானா" என்றார் அவர்.

"பதினொண்ணு" என்றாள் அவள். அவள் சொன்னபோது அது பெரிய எண்ணாகக் கேட்டது.

மறுநாள் நாலு மணிக்கு, பழக்க தோஷத்தில் இருவரும் சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். புத்தகம் இல்லை, டப்பா இல்லை. ஆளுக்கு ஒரு ஓரத்தில், பெண் பார்க்க வந்த இடம் மாதிரி.

"இப்ப என்ன பண்றது?"

"பேசலாம்."

"என்ன பேசறது?"

"பல்செட் தாத்தா எப்படி இருக்காரு?" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்குத் தூங்கலையா நீங்க?"

"நீ தோள்ல சாஞ்சதும் முழிப்பு வந்துச்சு. முதல் கதையக் கேட்டேன். அப்புறம் தூங்கிட்டேன். மிச்சத்த நீ மறுபடி சொல்லணும்."

மேசையில் உட்கார்ந்து வாலு எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டின் மகா நோயாளியைப் பற்றி ஒரு சரித்திரம் எழுதப்போவதாக முந்தின நாளே அறிவித்திருந்தாள். எழுபத்தாறு மாரடைப்பு என்று தொடங்கும் பகுதியைச் சத்தமாகப் படித்தும் காட்டியிருந்தாள்.

அவர் வேலைக்குப் போடும் கோட்டின் உள்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்தார். இரண்டு வருடமாக அவர் நடித்து முடித்த சீட்டுகள். ஒன்றைக்கூட எறியவில்லை. சோபாவுக்கு முன்னால் இருந்த பலகையில் அவற்றைப் பின்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்துப் பரப்பினார். கிழிந்த விரிப்புகளை ஜோடி சேர்க்கிற கை. ஓரத்தோடு ஓரம், கோட்டோடு கோடு என்று பொருத்தப் பொருத்த, முத்திரையும் கையெழுத்தும் போட்ட முழுக் கடிதங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுந்து வந்தன. பேனா சத்தம் நின்றது.

"நல்ல வழுவழுன்னு தாள் எங்கேர்ந்து வருதுன்னு ரொம்ப நாளா யோசிச்சேன்" என்றார். "எங்க தொழிற்சாலை மேற்பார்வை அம்மாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துலேர்ந்து பெத்தவங்களுக்கு எழுதினதாமே. கடைசி வகுப்புக்கு உங்க பொண்ணு வர்றதே இல்லன்னு."

"கடைசி வகுப்பு சும்மா உக்காந்து படிக்கற நேரம்னு சொன்ன?" என்றாள் அம்மா.

அவர் வாலு பக்கம் திரும்பி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நர்ஸ் குரலில் ஆரம்பித்தார்.

"எத்தன நாளா இருக்கு இந்தத் தொந்தரவு?"

"ரெண்டு வருஷமா."

"எப்ப அதிகமாகுது?"

"மூணே காலுக்கு."

"என்ன பண்ணினா கொறையுது?"

வாலு பேனாவை மூடினாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்கு வந்து உங்க ரெண்டு பேரையும் பாத்தா" என்றாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். அவர் மட்டும் அசையவில்லை. எழுபத்தாறு மாரடைப்பைத் தாங்கின நெஞ்சு.

"சரி. இப்ப எழுதிட்டு இருக்கியே அந்தத் தாள்," என்றார், கையை நீட்டிக்கொண்டு, "அதக் கொஞ்சம் திருப்பு பாப்போம்."